இருபதில் ஒன்று

பழைய சோனகத் தெருவில்
ஆணி, கம்பி, பெயின்ட் விற்கும் கடையில்
கணக்கு என்னுடையது.
ஒரு சதம் பிசகினாலும்
இரவு அது என்னோடு பஸ் ஏறி
வெள்ளவத்தை வரை வரும்.
ஆதலால் பலீல் நானா
பில் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டியதை
நான் அலட்சியம் செய்யவில்லை.

"நூற்றுக்கு ஐந்து எடுக்காத பட்டியலை
முதலில் கழித்துவிடுவார்கள்.
பிறகுதான் பங்கு.
உங்கட வாக்கு பங்கில் இல்லை மிஸ்,
கூட்டலிலேயே இல்லை.
றால் கோது மாதிரி
தட்டின் ஓரத்தில்."

போன முறை விசிறிக்குக் கிடைத்தது
நாலு தசம் ஒன்று.
அந்தப் பட்டியலில் ஏழாவது பெயர்
ரெபேக்கா செல்வமணி, தாதி.
களனி ஆறு மட்டக்குளிக்குள் வந்த இரவில்
இன்சுலின் குப்பிகளை
ரைஸ் குக்கரில் ஐஸ் போட்டு அடுக்கி
தலையில் தூக்கிக்கொண்டு நடந்தவள்.
அவளுக்குச் சுவரொட்டி இல்லை.
இருந்திருந்தால் நானே பிய்த்தெடுத்து
வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன்.

"பாலத்திலும் ஒரு நல்ல மனுசன் இருக்கிறார்.
பாலத்துக்கு ஒரு புள்ளடி,
கீழே அவருடைய இலக்கத்துக்கு இன்னொன்று.
விருப்பு வாக்கு மூன்று
சும்மாவா தருகிறார்கள்?"

சும்மா இல்லைத்தான்.
ஆனால் புள்ளடி முதலில் பாலத்துக்கு.
பாலத்தில் எல்லோரும் நிற்கிறார்கள்.
நல்லவருக்குப் பக்கத்தில்
தோட்டத்து வீடுகளை இடிக்க
விடியப்புறம் மெஷினோடு வந்தவரும்
வெள்ளைச் சேர்ட்டில் நிற்கிறார்.
இவரைத் தூக்கினால்
அவரும் அரை அங்குலம் உயர்வார்.

அந்தக் கிழமை முழுவதும்
பஸ்ஸில் தலைகளை எண்ணினேன்.
இருபது பேரில் ஒருவர் போதும்.
கோட்டையில் ஏறிய இருபதில்
யார் அந்த ஒருவர்?
வெறும் மீன்கூடையோடு திரும்புகிறவளா,
இயர்போனுக்குள் போய்விட்ட பையனா?
கொள்ளுப்பிட்டி தாண்டுகையில் தோன்றியது:
இவர்களும் ஆளுக்காள் முகம் பார்த்து
இதையேதான் எண்ணுகிறார்களோ.
வெல்லுமென்றால் போடுவேன் என்று
இருபது பேரும் காத்திருந்தால்
இறங்குவதற்கு
யார் மணியடிப்பது?

வெள்ளிக்கிழமை நானாவோடு சண்டை.
"வெல்லுகிறவனுக்குப் போட்டால்
அது வாக்கில்லை நானா, பந்தயம்."
அவர் பில் தாளை நாலாய் மடித்து
சட்டைப் பையில் வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம்.
பிள்ளைகளின் குட்டைக் கதிரைகள்
ஒன்றன்மேல் ஒன்றாய்.
அட்டை மறைப்புக்குள்
நானும் ஒரு முழம் வாக்குச்சீட்டும்.
விசிறி பதின்மூன்றாவது.
கண்டேன்.
கண்ட பிறகும் பேனை
கீழே இறங்கியது.

ஏனென்று கேட்டால், நாலு தசம் ஒன்று.
இன்னும் கேட்டால்,
ஒருமுறையாவது
கூட்டலுக்குள் இருக்கவேண்டும் போலிருந்தது.
நல்லவரின் இலக்கத்தில்
தாள் கிழியாத அளவுக்கு
அழுத்திப் போட்டேன்.

திங்கட்கிழமை கடை திறக்கையில்
எல்லாம் தெரிந்துவிட்டது.
விசிறிக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு குறைவு.
வெள்ளைச் சேர்ட் உள்ளே.
நல்லவர் அவருக்கு அடுத்த இடம்,
வெளியே.

பலீல் நானா
தேத்தண்ணீரை மேசையில் வைத்தார்.
"உங்கட கதையைக் கேட்டுத்தான் மிஸ்
விசிறிக்குப் போட்டேன்.
பரவாயில்லை, என்ன?"

இடது சின்னவிரலை
மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.
அவருடைய நகத்திலும்
அதே மை.

ஒன்று எண்ணூற்றுப் பன்னிரண்டு ஆகாது.
கணக்குப்பிள்ளைக்குத் தெரியாதா அது.
ஆனால் மற்ற எண்ணூற்றுப் பதினொரு பேர்
எந்தெந்தப் பஸ்ஸில்
யார் யாருடைய தலையை
எண்ணிக்கொண்டு போனார்களோ.

ஒன்றரை அங்குல ஆணி
அரைக் கிலோ கேட்டு ஒருவர் வந்து நின்றார்.
நானா நிறுத்தார்.
நான் பில் எழுதினேன்,
பின்பக்கம் வெறுமையா என்று
முதலில் திருப்பிப் பார்த்துவிட்டு.